தொலைவு ஒன்று, பொழுது வேறு

நுழையும்முன்

சென்னையில் இரவு 11 மணிக்குப் புறப்படும் வானூர்தி ஒன்று, மறுநாள் காலை 5.30 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்குகிறது எனக் கொள்க. அங்கிருந்து காலை 8 மணிக்குப் புறப்படும் வானூர்தி, அதே நாள் காலை 9.30 மணிக்கே சென்னைக்கு வந்துவிடுகிறது. செல்லும்போது ஆறரை மணி நேரம். திரும்பும்போது ஒன்றரை மணி நேரம். வழி ஒன்றே, ஊர்தியும் ஒரே வகையினதே. பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் இவ்வெண்களில் பொய் ஏதுமில்லை. ஆயினும் அவற்றைச் சரியாகப் படிப்பதற்குப் புவியின் உருவமும் காற்றின் போக்கும் மாந்தர் வகுத்துக்கொண்ட நேரக்கணக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

நாழிகை வழி

தொலைவைப் பொழுதால் அளக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. அடுத்த ஊர் எவ்வளவு தொலைவு என்று வினவிய வழிப்போக்கருக்கு, 'இரண்டு நாழிகை வழி' என்று முன்னோர் விடை கூறினர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் ஒருவர் இயல்பாக நடந்து கடக்கும் தொலைவே ஒரு நாழிகை வழி. ஒருவர் உரக்க அழைத்தால் மற்றவர் செவிக்கு எட்டும் இடம் 'கூப்பிடு தூரம்' எனப்பட்டது. எல்லாரும் காலால் நடந்த காலத்தில் இவ்வகை அளவைகள் பிழைபடவில்லை. நடையின் விரைவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவதில்லை அன்றோ?

இன்று சிங்கப்பூர் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், பெரும்பாலோர் கிலோமீட்டரில் விடை கூறுவதில்லை. 'நான்கு மணி நேரம்' என்றே கூறுவர். பழைய கணக்கின்படி அது பத்து நாழிகை வழி. சொல் மாறிவிட்டது; அளக்கும் முறை மாறவில்லை. ஆனால் ஊர்தி மாறும்போது நாழிகை வழியின் நீளமும் மாறிவிடுகிறது. காற்று மாறினாலும் அது மாறும். ஆகவே தொலைவையும் பொழுதையும் முதலில் தனித்தனியே பிரித்தறிதல் நன்று.

உருண்டையின்மேல் ஒரு கோடு

சென்னை வானூர்தி நிலையம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையிலும், கிரீனிச்சுக்குக் கிழக்கே 80 பாகையைச் சற்றுக் கடந்தும் அமைந்துள்ளது. சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையம் வடக்கே 1 பாகையைச் சற்றுக் கடந்தும், கிழக்கே ஏறத்தாழ 104 பாகையிலும் உள்ளது. இவ்விரு புள்ளிகளையும் சமதளத்தில் வரைந்த படத்தில் அளவுகோலை வைத்து இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். ஆனால் புவி சமதளம் அன்று. உருண்டையின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள மிகக் குறுகிய வழி, உருண்டையின் மையம் வழியாகச் செல்லும் தளம் அம்மேற்பரப்பை வெட்டும் வட்டத்தின் ஒரு பகுதியாகும். இதனைப் பெருவட்டம் என்பர். ஓர் ஆரஞ்சுப் பழத்தைச் சரிபாதியாக அறுக்கும்போது விளிம்பில் தோன்றும் வட்டம் பெருவட்டம். ஓரமாகச் சீவும்போது தோன்றும் சிறிய வட்டம் பெருவட்டம் அன்று.

இப்பெருவட்டத்தில் இரு நகரங்களும் புவியின் மையத்தோடு அமைக்கும் கோணம் 26 பாகைக்குச் சற்று மேல். பாகைக்கு 60 கலை. ஒரு கலை அளவான வில்லின் நீளமே கடல் மைல் எனப்படுகிறது, அது 1.852 கிலோமீட்டர். கப்பலோட்டிகளும் வானோடிகளும் இன்றும் கடல் மைலையே ஆள்வதற்குக் காரணம் இதுதான்: கோணம் தெரிந்தால் தொலைவு தானே வந்துவிடும். இவ்வாறு கணக்கிட்டால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 1,580 கடல் மைல், அதாவது 2,900 கிலோமீட்டருக்குச் சற்று மேல் எனத் தெரியவரும்.

சமதளப் படத்தில் வரைந்த நேர்கோட்டின்படி சென்றால் எவ்வளவு மிகுதியாகும்? இவ்விரு நகரங்களைப் பொறுத்தவரை சில கிலோமீட்டர் மட்டுமே. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் படம் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. வடக்கே செல்லச் செல்லத்தான் ஏமாற்றம் பெருகும். டோக்கியோவும் சான் பிரான்சிஸ்கோவும் ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டுப் பகுதியில் இருப்பவை. படத்தில் இரண்டையும் இணைக்கும் கிடைக்கோடு மிகக் குறுகியதாகத் தோன்றும். உண்மையிலோ, வடக்கே அலூசியன் தீவுகளின் பக்கமாக வளைந்து செல்லும் பெருவட்ட வழி, அக்கோட்டைவிட 400 கிலோமீட்டருக்கும் மேல் குறைவானது. வளைந்த வழி நேர்வழியைவிடக் குறுகியது என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஒரு பந்தின்மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் முரண் நீங்கிவிடும்.

சென்னையிலிருந்து அத்தகைய நூலை இழுத்தால் அது எவ்விடங்களைத் தொடும்? வங்கக்கடலைக் குறுக்கே கடந்து, பெரிய நிக்கோபார்த் தீவின் தென்முனைக்குச் சற்றுத் தெற்கே செல்லும். இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை அங்கேதான் உள்ளது. 2004ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அம்முனையின் நிலம் ஏறத்தாழ நான்கு மீட்டர் தாழ்ந்தது. அதன்பின் சுமத்ராவின் வடமுனையாகிய ஆச்சே பகுதியை நூல் தொடும். அங்கிருந்து மலாக்கா நீரிணையின் போக்கிலேயே தென்கிழக்காகச் சென்று சிங்கப்பூரை எட்டும்.

இப்பெயர்கள் தமிழ் வரலாற்றைப் பயின்றோர்க்கு அயலானவை அல்ல. 1025ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த கடற்படையெடுப்பில் முதலாம் இராசேந்திர சோழன் வென்ற இடங்களை அவனது மெய்க்கீர்த்தி பட்டியலிடுகிறது. அதில் வரும் மாநக்கவாரம் நிக்கோபார். இலாமுரிதேசம் ஆச்சே பகுதி. கடாரம் நீரிணையின் மறுகரையில் சற்று வடக்கே உள்ள இன்றைய கெடா. கணிப்பொறி இன்று வரைந்து தரும் கோட்டை ஒட்டியே அன்றைய கலங்களும் சென்றன என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கடலில் தடையின்றி நேரே செல்லும் வாய்ப்பு இவ்வழியில் இயற்கையாகவே அமைந்துள்ளது. எல்லா நகரங்களுக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். ஆனால் பாக் நீரிணைப் பகுதி பெருங்கப்பல்களுக்கு ஆழம் போதாதது ஆகையால், கப்பல் இலங்கையைச் சுற்றி, அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் செல்ல வேண்டும். சென்னை – சிங்கப்பூர் வழியிலோ கப்பலின் தடமும் வானூர்தியின் தடமும் ஏறத்தாழ ஒன்றே. தொலைவை மாற்றாமல் பொழுதை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க இதனினும் பொருத்தமான வழி வேறில்லை.

ஒரு வாரமும் நான்கு மணி நேரமும்

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் பலர் 'ரஜுலா' என்ற கப்பலின் பெயரை மறந்திருக்க மாட்டார். 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட அக்கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பயணியரை ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூர் சென்றது. பயணியருள் பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்கள். மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல் செல்லும் கப்பலுக்கு இத்தொலைவைக் கடக்க ஐந்து நாளுக்கு மேல் ஆகும். இடைத்துறைகளில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு வாரம். 1970களில் ரஜுலா ஓய்வுபெற்றது. அதன் இடத்தில் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985ஆம் ஆண்டு நடுக்கடலில் தீப்பற்றியது. பயணியர் பலர் உயிரிழந்தனர். அவ்விபத்தோடு இவ்வழியில் பயணியர் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

ஒரு வாரம் நான்கு மணி நேரமாகச் சுருங்கியதை வெறும் விரைவின் வெற்றியாக மட்டும் கருதிவிடுதல் பொருந்தாது. ஒரு வாரப் பயணம் மேற்கொள்வோர் ஆண்டுக்கணக்கில் திரும்புவதில்லை. பெற்றோரின் இறுதிச் சடங்கிற்கு வர முடியாதவர்களின் கதை தஞ்சை, நாகை, இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் ஊர்களில் இன்றும் கேட்கக் கிடைக்கும். தந்தி சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தாலும் கப்பல் வந்து சேரவில்லை. தொலைவு அன்றும் 2,900 கிலோமீட்டர்தான். பிரிவின் நீளத்தை முடிவு செய்தது கிலோமீட்டர் அன்று, பொழுதே.

இனி அந்த நான்கு மணி நேரம் எங்கே செலவாகிறது என்று காண்போர்க்கு ஒரு சிறு வியப்பு காத்திருக்கிறது. பயணியர் வானூர்தி உயர்ந்த வானில் மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் விரைவில் செல்லும். 2,900ஐ 850ஆல் வகுத்தால் 3 மணி 25 நிமிடமே வரும். எஞ்சிய நேரம் வானில் அன்று, பெரும்பாலும் தரைக்கு அருகிலேயே கழிகிறது. நிலையக் கட்டடத்திலிருந்து விலகி, ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து, முறை வரும்வரை காத்திருந்து, பின்னரே வானூர்தி எழும்புகிறது. 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தை எட்டச் சுமார் அரை மணி நேரம் ஆகும். இறங்குவதற்கும் ஏறத்தாழ அவ்வளவே. இவ்விரு நிலைகளிலும் அதன் முழு விரைவு வெளிப்படுவதில்லை. கால அட்டவணையில் காணப்படும் நேரம், சக்கரம் அசைந்தது முதல் மறுநிலையத்தில் சக்கரம் நின்றது வரையான நேரமாகும். ஆகவேதான் தொலைவு பாதியாகும்போது பயண நேரம் பாதியாவதில்லை. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் சிங்கப்பூர்த் தொலைவில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 24 நிமிடத்தில் சென்றுவிட முடியாது.

அவ்வளவு உயரம் ஏன் என்ற ஐயம் எழலாம். உயரே காற்றின் அடர்த்தி குறைவு; ஆகவே தடையும் குறைவு. குறைந்த எரிபொருளில் நெடுந்தொலைவு செல்லலாம். ஆனால் அவ்வுயரத்தில் வீசும் காற்று, தரையில் வீசும் காற்றின் போக்கையே பின்பற்றும் என்ற உறுதி இல்லை.

கீழே கோடை, மேலே கொண்டல்

தமிழர் திசைக்கொன்றாகக் காற்றுக்குப் பெயரிட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். காற்றைத் தம் பணிக்கு ஆட்படுத்திக் கலம் செலுத்திய சோழர் முன்னோனைக் குறித்துப் புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் பாடியுள்ளார். பாய்மரக் கலங்களுக்குக் காற்றே எரிபொருள். தென்மேற்குப் பருவக்காற்று சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கே செல்லும் கலங்களை உந்தியது. வடகிழக்குப் பருவக்காற்று அவற்றைத் திருப்பிக் கொணர்ந்தது. காற்றுத் திரும்பும்வரை வணிகர் அயல்நாட்டுத் துறைகளில் மாதக்கணக்கில் தங்கினர். தாய்லாந்தின் குளோங் தோமில் கிடைத்த, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பொற்கொல்லனின் உரைகல்லும், சுமத்ராவின் பாருசில் 1088ஆம் ஆண்டில் ஐஞ்ஞூற்றுவர் வணிகக் குழுவினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் அத்தங்கலின் சான்றுகள்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது சூன் முதல் செப்டம்பர் வரை, கிழக்கே செல்லும் கலத்திற்குக் காற்று துணை. அப்படியானால் அதே மாதங்களில் கிழக்கே செல்லும் வானூர்திக்கும் காற்று துணையாகத்தானே இருக்க வேண்டும்? நிகழ்வது நேர்மாறானது. கடலின் மேற்பரப்பில் மேற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருக்கும் அதே நாளில், பத்துக் கிலோமீட்டருக்கு மேலே கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. கீழே கோடை, மேலே கொண்டல்.

இம்மேல்வானக் காற்றை ஆராய்ந்து, அதனை ஒரு தனி ஜெட் காற்றோட்டமாக நிறுவியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீசுவரம். 1958ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரை வானிலையியலில் ஒரு திருப்பம். வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டம் என்று இன்று அது அழைக்கப்படுகிறது. கோடையில் ஆசியப் பெருநிலமும், சிறப்பாகத் திபெத்திய மேட்டுநிலமும் சூடேறுகின்றன. அந்நிலத்தின்மேல் உள்ள காற்று விரிந்து உயர்ந்து, மேல்வானில் தெற்கு நோக்கிப் பரவுகிறது. புவியின் சுழற்சி வடகோளத்தில் நகரும் காற்றை வலப்பக்கம் திருப்பும். தெற்கு நோக்கிச் சென்ற காற்றுக்கு வலப்பக்கம் மேற்கு. ஆகவே அது கிழக்கிலிருந்து மேற்கே வீசும் காற்றாகிறது. கீழேயோ, பெருங்கடலிலிருந்து வடக்கு நோக்கி நிலநடுக்கோட்டைக் கடந்து வரும் காற்று அதே விதியால் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. எதிரெதிராக வீசும் இரண்டும் ஒரே சுழற்சியின் மேலடுக்கும் கீழடுக்கும் ஆகும். தமிழ்நாட்டை ஒட்டிய அட்சக்கோடுகளின்மேல்தான் இக்காற்றோட்டம் வலுவாக உள்ளது. அதன் உச்ச விரைவு 14 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில். பயணியர் வானூர்தி அதற்குச் சற்றுக் கீழே பறந்தாலும் அதன் பிடியிலிருந்து முற்றும் விலகியிருப்பதில்லை.

எனவே மழைக்காலத்தில் சிங்கப்பூர் செல்லும் வானூர்தி எதிர்க்காற்றைச் சந்திக்கிறது. திரும்பும் வானூர்தியைக் காற்று பின்னிருந்து தள்ளுகிறது. இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். வானூர்தியின் விரைவு மணிக்கு 850 கிலோமீட்டர், காற்றின் விரைவு 50 கிலோமீட்டர் எனக் கொள்க. செல்லும்போது தரையைப் பொறுத்து அதன் விரைவு 800, திரும்பும்போது 900. அப்படியானால் செல்ல 3 மணி 37 நிமிடத்திற்குச் சற்று மேல். திரும்ப 3 மணி 13 நிமிடம். வேறுபாடு 24 நிமிடம், சரியாக ஒரு நாழிகை.

செல்லும்போது இழந்ததைத் திரும்பும்போது முழுதும் ஈட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் கணக்கு அதை ஏற்பதில்லை. காற்றே இல்லாத நாளில் சென்று திரும்ப மொத்தம் 6 மணி 49 நிமிடம் ஆகும். மேலே கண்ட காற்றில் 6 மணி 50 நிமிடத்தைக் கடந்துவிடுகிறது. காற்றின் விரைவு 100 ஆனால் மொத்தம் 6 மணி 55 நிமிடம். எதிர்க்காற்று வானூர்தியை நீண்ட நேரம் பிடித்து வைக்கிறது; துணைக்காற்றோ குறைந்த நேரமே உடனிருக்கிறது. தீங்கு நெடுநேரமும் நன்மை சிறிது நேரமும் நீடிப்பதால் இரண்டும் ஈடாவதில்லை.

திரும்பும் புள்ளி

ஓரிரு நிமிட வேறுபாட்டைப் பற்றி இவ்வளவு ஆராய வேண்டுமா என்று கேட்கலாம். பயணிக்கு அது பொருட்டன்று, வானோடிக்குப் பொருட்டு.

நடுக்கடலின்மேல் வானூர்தியில் ஒரு பழுது நேர்கிறது, அல்லது பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி ஏற்படுகிறது என்று கொள்க. முன்னே செல்வதா, திரும்புவதா? எங்கு விரைவில் இறங்கலாம் என்பதே வினா. வழியில் வேறு நிலையமே இல்லை எனக் கொண்டால், 2,900 கிலோமீட்டரின் சரிபாதியான 1,450ஆவது கிலோமீட்டரைக் கடந்தபின் முன்னே செல்வதே நலம் என்று படத்தைப் பார்ப்பவர் கூறுவார். அது காற்றில்லாத நாளுக்கு மட்டுமே பொருந்தும். மேலே கண்ட எதிர்க்காற்றில் முன்னே சென்றால் விரைவு 800; திரும்பினால் 900. இரு பக்கமும் சமநேரம் ஆகும் புள்ளி ஏறத்தாழ 1,535ஆவது கிலோமீட்டரில் வருகிறது. இடையேயுள்ள 85 கிலோமீட்டருக்குள் பழுது நேர்ந்தால், சிங்கப்பூர் அருகில் இருந்தாலும் சென்னையே விரைவில் எட்டக்கூடியது. அருகில் உள்ளது தொலைவாகவும் தொலைவில் உள்ளது அருகாகவும் ஆகிவிடும் இவ்விடத்தில், படத்தை நம்பியவர் தவறு செய்வார். வானோடிகள் இச்சமநேரப் புள்ளியைப் புறப்படும் முன்னரே கணக்கிட்டு வைத்துக்கொள்கின்றனர். உண்மையில் போர்ட் பிளேர், மேடான், பினாங்கு போன்ற நிலையங்கள் இவ்வழியை ஒட்டி இருப்பதால், ஒவ்வோர் இணைக்கும் ஒரு சமநேரப் புள்ளி உண்டு.

பன்னாட்டு வான்பயண விதிகளும் இந்நோக்கில்தான் அமைந்துள்ளன. இரு பொறிகளைக் கொண்ட வானூர்தி, ஒரு பொறி செயலிழந்தாலும் மற்றொன்றின் துணையால் ஒரு நிலையத்தை எட்டக்கூடிய வழியிலேயே செல்ல வேண்டும். அவ்வெல்லை முன்பு 60 நிமிடமாக இருந்தது. பொறிகளின் நம்பகத்தன்மை வளர வளர 120 நிமிடம், 180 நிமிடம் எனச் சிறப்பு ஒப்புதலோடு நீட்டிக்கப்பட்டது. இறங்கும்போது கைவசம் இருக்க வேண்டிய இறுதிச் சேமிப்பு எரிபொருளும் 30 நிமிடப் பறப்பிற்குரியது என்றே வரையறுக்கப்பட்டுள்ளது. கவனிக்கத்தக்கது யாதெனில், உயிர்காக்கும் இவ்விதிகளில் எதுவும் கிலோமீட்டரில் பேசவில்லை. நாழிகை வழி என்ற பழைய அளவை, வேறு பெயரில் வானூர்தியின் அறைக்குள் அமர்ந்திருக்கிறது.

தேவைக்கு மேல் எரிபொருளை ஏற்றிக்கொண்டால் இத்தொல்லை நீங்காதா எனின், எரிபொருளுக்கும் எடை உண்டு. எடை மிகுந்தால் அதைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் செலவாகும். ஆகவே காற்றின் முன்னறிவிப்பைப் பார்த்து நாள்தோறும் புதிதாகக் கணக்கிடுகின்றனர்.

> தெரிந்து தெளிவோம்
> சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு வானாய்வுக்கூடம் ஒன்று கட்டப்பட்டது. அங்கு வரையறுக்கப்பட்ட நேரம் கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 'மெட்ராஸ் நேரம்' எனப்பட்ட அதனை இந்திய இரயில்வேக்கள் நெடுங்காலம் பின்பற்றின. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது.

கடிகாரம் கூறும் கணக்கு

காற்றின் கூத்து நிமிடங்களை மட்டுமே மாற்றும். செல்ல ஆறரை, திரும்ப ஒன்றரை என்ற பெரிய வேறுபாட்டைச் செய்வது கடிகாரம். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படும். சென்னைக் கடிகாரத்தைவிடச் சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தியது. செல்லும்போது நான்கோடு இரண்டரை கூடுகிறது. திரும்பும்போது நான்கில் இரண்டரை குறைகிறது. இரு எண்களையும் கூட்டிப் பாதியாக்கினால், ஆறரையும் ஒன்றரையும் சேர்ந்து எட்டு, அதில் பாதி நான்கு என உண்மையான பயண நேரம் வெளிப்பட்டுவிடும்.

இந்த இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். இரு நகரங்களுக்கும் இடையே தீர்க்கக்கோட்டு வேறுபாடு இருபத்து மூன்றரைப் பாகை. ஆகவே சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வந்து 94 நிமிடம் கழித்துச் சென்னையில் உச்சிக்கு வரும். கதிரவன் கூறும் வேறுபாடு 94 நிமிடம். கடிகாரம் கூறுவதோ 150 நிமிடம். மீதி 56 நிமிடத்தை வானம் தரவில்லை. மாந்தர் தந்தனர்.

இந்தியத் திட்ட நேரம் 82½ பாகைத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால், சென்னைக் கடிகாரம் சென்னையின் கதிரவனைவிட 9 நிமிடம் முந்தி ஓடுகிறது. சிங்கப்பூரின் இருப்பிடத்தின்படி அதன் நேரம் கிரீனிச்சைவிட 6 மணி 55 நிமிடமே முந்தியிருக்க வேண்டும். இன்று அது 8 மணி நேரம் முந்தியுள்ளது. கதிரவனைவிட 65 நிமிடம் முந்தி ஓடுகிறது. 65இல் 9 போக எஞ்சுவது அந்த 56 நிமிடம்.

சிங்கப்பூரின் கடிகாரம் ஒரே நாளில் இந்நிலையை அடையவில்லை. 1905இல் அது 7 மணி நேரம் முந்தியிருந்தது. 1933இல் 20 நிமிடமும் 1941இல் மேலும் 10 நிமிடமும் முன்னே தள்ளப்பட்டது. 1942இல் நகரத்தைக் கைப்பற்றிய சப்பானியர், டோக்கியோவின் நேரத்தை அங்குப் புகுத்தினர். கதிரவன் எழும் முன்னரே கடிகாரம் எட்டைத் தொட்ட நாள்கள் அவை. ஒரு நாட்டை வென்றவர் அதன் பொழுதையும் தம்மோடு இணைத்துக்கொண்டனர். 1945இல் பழைய ஏழரை மீண்டது. அது முதல் 1981 முடியச் சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இடையே வேறுபாடு இரண்டு மணி நேரம் மட்டுமே. மேற்கு மலேசியாவின் நேரமும் சபா, சரவாக் பகுதிகளின் நேரமும் வேறுபட்டிருந்தன. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் மலேசியா நாடு முழுமைக்கும் ஒரே நேரத்தை வகுத்துத் தீவகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. வணிகத்தாலும் போக்குவரத்தாலும் மலேசியாவோடு பிணைந்திருந்த சிங்கப்பூரும் உடன் நகர்ந்தது. நகரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. இரண்டு மணி நேரம் இரண்டரை ஆயிற்று.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், இன்று ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டியே கதிரவன் எழுகிறது. நிலநடுக்கோட்டிற்கு அருகில் உள்ள ஊரில் ஆறு மணி அளவில் விடிய வேண்டும். கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியிருப்பதால் விடியல் ஏழுக்குத் தள்ளிப்போகிறது. உச்சிப்பொழுதும் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. ஏறத்தாழ ஒரு மணிக்கு வருகிறது. அப்பொழுது சென்னையில் மணி பத்தரை. சென்னையின் கதிரவன் உச்சியை எட்ட இன்னும் 94 நிமிடம் உள்ளது.